பலகை மேல் இருக்கும் அம்மா

1

அயர்லாந்தில் ஒரு சிற்றூரில் குழந்தைகள் நல மையத்தில் நான் நர்ஸ். நம்மூர் ஆரம்ப சுகாதார நிலையத்திலிருந்து ஒரு அறையை மட்டும் பிய்த்துக்கொண்டு வந்து வெள்ளையடித்து, ஹீட்டர் வைத்தால் எப்படி இருக்குமோ அப்படி ஒரு இடம். எடை பார்ப்பேன், தடுப்பூசி போடுவேன், குழந்தை எத்தனை வார்த்தை பேசுகிறது என்று கேட்டுக் கம்ப்யூட்டரில் ஏற்றுவேன். கிளம்பும் முன் பெற்றோருக்கு ஒரு அறிவுரை சொல்லி அனுப்ப வேண்டும். சின்னக் குழந்தைக்குத் திரை வேண்டாம். டிவி, போன், டேப்லெட் எதுவும் வேண்டாம். சாப்பாட்டு நேரத்தில் அறவே வேண்டாம். தூரத்தில் இருக்கும் சொந்தக்காரர்களோடு வீடியோ காலில் பேசலாம், அது பரவாயில்லை.

இதை நான் ஒரு நாளைக்குப் பலமுறை ஒப்பிக்கிறேன். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன்.

போன வாரம் வந்த ஒரு பெண்ணின் கணவர் கப்பலில் வேலை பார்க்கிறார். மடியில் இருந்த பையனுக்கு இன்னும் இரண்டு வயது ஆகவில்லை. வீடியோ கால் பரவாயில்லை என்று நான் சொன்னதும் அவள் கேட்டாள்: "நடுக்கடலில் சிக்னல் கிடைக்காது. அதனால் அவர் பேசிப் பதிவு செய்து அனுப்புவதைத்தான் போட்டுக் காட்டுகிறேன். அதையே திரும்பத் திரும்பப் பார்க்கிறான். அது பரவாயில்லையா?"

அடுத்த முறை வரும்போது சொல்கிறேன் என்றேன். அவள் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டுப் போனாள். தெரியாதவள் என்று நினைத்திருப்பாள். நினைத்துக்கொள்ளட்டும். தெரிந்ததைச் சொல்லியிருந்தால் அவள் அன்றைக்குத் தூங்கியிருக்க மாட்டாள்.

2

எங்கள் வீடு உத்திரமேரூரிலிருந்து சாலவாக்கம் போகிற வழியில், டவுன் பஸ் நின்று திரும்புகிற ஒரு கிராமத்தில் இருக்கிறது. முன்னால் ஏரிக்கரை, பின்னால் எங்கள் நெல் வயல். நான் வெளிநாடு கிளம்பியபோது மகள் இனியாவுக்கு முதல் பிறந்தநாள்கூட வரவில்லை. கணவர் குமரேசனும் அவருடைய அக்கா தேவகியும்தான் அவளைப் பார்த்துக்கொண்டார்கள். தேவகி அண்ணிக்குப் பிள்ளைகள் இல்லை. அவர் கணவர் இறந்தபின் எங்களோடுதான் இருந்தார். கண்ணுக்குள் வைத்து வளர்த்தார் என்று சொல்வதில் மிகை ஒன்றும் இல்லை.

பிரச்சினை சாப்பாட்டில் வந்தது. நான் போனதிலிருந்து இனியா சோற்றைத் தொடவில்லை. அங்கே அவள் சாப்பிடும் நேரம் இங்கே எனக்கு டூட்டி நேரம். போனை லாக்கரில் வைத்துவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். அண்ணி அழுதார். நான் விடுதி அறையில் அழுதேன். குமரேசன் உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் ஜெராக்ஸ் கடை வைத்திருப்பவர், எதற்கும் ஒரு மெஷினைத் தேடுகிற ஆள். அவர்தான் சொன்னார்.

"நீ சோறு ஊட்டற மாரி பேசி ஒரு வீடியோ எடுத்து அனுப்பு. நான் ஒரு டேப் வாங்கி அதுல போட்டு வெக்கிறேன். கொயந்த பாத்துகினே துன்னும்."

நான் எடுத்தேன். டூட்டி முடிந்து வந்து யூனிஃபார்மைக்கூட மாற்றாமல், ஜன்னல் ஓரம் போனைச் சாய்த்து வைத்துக்கொண்டு பேசினேன். நர்ஸ் புத்தி வேறு. குழந்தை பதில் சொல்ல எவ்வளவு நேரம், ஒரு வாயை மென்று விழுங்க எவ்வளவு நேரம் என்று கணக்குப் பண்ணி இடைவெளி விட்டேன்.

"வந்துட்டியா கண்ணு? அம்மா எவ்ளோ நேரமா ஒக்காந்துகினு கீறேன் பாரு." கொஞ்சம் இடைவெளி. "இன்னிக்கு இன்னா கொயம்பு?" இடைவெளி. "அப்பிடியா!" நடுவில் யாரோ விடுதிக் கதவு மணியை அடித்தார்கள். நான் இடப்பக்கம் திரும்பிப் பார்த்து, "இரு கண்ணு, யாரோ வந்துகீறாங்க" என்றேன். பிறகு, "யாருமில்ல. எங்க, அம்மாவுக்கு ஒரு வாய் குடு." இடைவெளி. "ம்ம்ம். இப்ப நீ. எங்க, ஆ காட்டு." நீளமான இடைவெளி. "சமத்து. என் தங்கம்."

மணி அடித்த இடத்தை வெட்டியிருக்கலாம். களைப்பில் அப்படியே அனுப்பிவிட்டேன்.

அன்று இனியா கிண்ணம் நிறையச் சாப்பிட்டாளாம். குமரேசன் எனக்குக் காலி கிண்ணத்தின் போட்டோவை அனுப்பினார். அதைப் பார்த்துவிட்டு நான் நிம்மதியாகத் தூங்கினேன்.

டேப் அவள் கைக்கு எட்டக் கூடாது, சார்ஜிலேயே இருக்கவும் வேண்டும். எங்கள் கூடத்தில் அதற்குத் தோதான இடம் ஒன்றுதான். சுவரில் ஒரு பலகை அடித்து அண்ணியின் கணவர் போட்டோவை வைத்திருந்தோம். போட்டோவுக்கு மாலை, பக்கத்தில் ஜீரோ வாட் பல்பு, அதற்கு ஒரு பிளக் பாயிண்ட். அந்தப் பிளக்கில் சார்ஜரைச் செருகி, போட்டோவுக்குப் பக்கத்திலேயே டேப்பை நிறுத்தினார்கள். யாருக்கும் எதுவும் தோன்றவில்லை. எனக்கும்தான்.

3

விசா, லீவு எல்லாம் கூடிவந்து நான் ஊருக்குப் போனபோது இனியாவுக்கு இரண்டரை வயது. உத்திரமேரூரில் ஆட்டோ பிடித்து இறங்கும்போது பொழுது சாய்ந்திருந்தது. கேட்டைத் திறந்தேன். உள்ளேயிருந்து என் குரல் கேட்டது.

"வந்துட்டியா கண்ணு? அம்மா எவ்ளோ நேரமா ஒக்காந்துகினு கீறேன் பாரு."

கையில் பெட்டியோடு அப்படியே நின்றுவிட்டேன். நான் வெளியே இருக்கிறேன், நான் உள்ளே இருக்கிறேன். உள்ளே இருப்பவள் நிதானமாக, களைப்பே இல்லாமல், இந்த வீட்டில் எப்போதும் இருந்தவள் மாதிரிப் பேசினாள். ஆட்டோக்காரர் மீதிச் சில்லறையை நீட்டிக்கொண்டு, "இன்னாம்மா, உள்ள போவலியா?" என்று கேட்டார்.

உள்ளே கூடத்தில் இனியா பலகையைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். அண்ணி ஊட்டிக்கொண்டிருந்தார். "இன்னிக்கு இன்னா கொயம்பு?" என்றது டேப். "கீரே" என்றாள் இனியா. "அப்பிடியா!" என்றது டேப். பிறகு அந்த மணி அடித்தது. இனியா இடப்பக்கம், பின்வாசல் பக்கமாகத் தலையைத் திருப்பினாள். கண்ணைக் கொட்டாமல் யாரோ வருவதைப் பார்ப்பது போலப் பார்த்தாள். "யாருமில்ல" என்று டேப்பில் நான் சொன்னதும் அவள் தலையாட்டி, "கீறாங்க" என்றாள். பின்வாசலில் யாரும் இல்லை. துணிக்கொடியும் அதற்கப்பால் வயலும்தான் இருந்தன.

அண்ணிதான் முதலில் என்னைப் பார்த்தார். "ஐயோ சுமதி! வந்துட்டியா! இனியா, யாரு வந்துகீறாங்க பாரு, அம்மா!"

இனியா என்னை மேலும் கீழும் பார்த்தாள். பிறகு எழுந்துபோய்ப் பலகைக்குக் கீழே நின்று அண்ணாந்து பார்த்தாள். சரிபார்த்துக்கொண்டாள். "அம்மா இங்க கீது" என்றாள். என்னைக் காட்டி, "இது ஆன்ட்டி."

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். கொஞ்ச நாளில் சரியாகிவிடும் என்று நினைத்தேன்.

அவள் தூங்கியதும் டேப்பைக் கையில் எடுத்துப் பார்த்தேன். கண்ணாடியில், வீடியோவில் என் நெற்றி வருகிற இடத்தில், காய்ந்த குங்குமம் திட்டாக ஒட்டியிருந்தது. பக்கத்தில் போட்டோவிலும் அதே மாதிரிப் பொட்டு. எனக்கு வந்த கோபத்தில் பெரியவர், சின்னவர் என்று பார்க்கவில்லை.

"உயிரோட கீறவளுக்குப் போட்டோவுல பொட்டு வெப்பீங்களா அண்ணி? இன்னா வேலை இது?"

அண்ணி பயந்துவிட்டார். "வெள்ளிக்கெயம அவருக்கு வெப்பேன் இல்ல? அது பாத்துச்சு. அம்மாவுக்கும் வெய்யின்னு ஒரே அயுகை. நீ வீடியோவுல நெத்தி காலியா கீற. பொட்டு வெக்கலன்னா அம்மா அயுவும்னு சொல்லிச்சு. கொயந்த கேக்குதேன்னு வெச்சேன் சுமதி. வேற ஒண்ணும் நெனைக்கல."

யூனிஃபார்மில் பொட்டு வைத்துக்கொள்கிற பழக்கம் எனக்கு விட்டுப்போயிருந்தது. அதை இரண்டரை வயசுக் குழந்தை கவனித்திருக்கிறது. நான் துடைக்கப் போனேன், கை வரவில்லை. அப்படியே வைத்துவிட்டேன்.

4

மறுநாள் நானே ஊட்டினேன். இனியா வாயைத் திறக்கவில்லை. கொஞ்சினேன், பாட்டுப் பாடினேன், காக்காய் காட்டினேன். அவள் பொறுமையாக என்னைப் பார்த்துவிட்டு, "நீ தப்பா சொல்ற" என்றாள்.

அவள் சொன்னது சரிதான். நான் எல்லாவற்றையும் தப்புத் தப்பாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். பலகை மேலே இருக்கிறவள் அவசரப்படுவதில்லை. ஒரு வார்த்தை மாற்றுவதில்லை. கோபித்துக்கொள்வதில்லை. சாப்பாட்டு வேளை தவறாமல் வந்துவிடுகிறாள். நான் பண்டிகைக்கும் போன் செய்ய முடியாமல் போன நாளிலெல்லாம் அவள் வந்திருக்கிறாள். என் மகளுக்கு ஒரு அம்மா இருந்தாள். அவள் மேல் எனக்கு வந்த பொறாமையை எப்படிச் சொல்வது? வெட்கமாகத்தான் இருக்கிறது.

பின்கட்டில் உட்கார்ந்து, ஹெட்போன் மாட்டிக்கொண்டு, என் வீடியோவை நானே மனப்பாடம் செய்தேன். எந்த இடத்தில் மூச்சு விட்டேன், எந்த இடத்தில் தலையைச் சாய்த்தேன் எல்லாவற்றையும். மறுவேளை டேப்பைத் திருப்பி வைத்துவிட்டு அப்படியே சொன்னேன். "இன்னிக்கு இன்னா கொயம்பு?" நிறுத்தினேன். "சாம்பாரு" என்றாள். "அப்பிடியா!" மணி அடிக்கிற இடத்தில் நானும் இடப்பக்கம் திரும்பினேன். அவளும் திரும்பினாள். "எங்க, ஆ காட்டு." வாயைத் திறந்தாள். சாப்பிட்டாள். எனக்குக் கண்ணில் நீர் முட்டியது. ஒருமுறை இருமினேன். அவள் சட்டென்று வாயை மூடிக்கொண்டு திருப்பி வைத்த டேப்பைப் பார்த்தாள்.

அன்றைக்குச் சாயங்காலம் கரண்ட் போயிற்று. கூடம் இருட்டு. சாப்பாட்டுக்காக மறுபடி போட்டிருந்த டேப் மட்டும் எரிந்துகொண்டிருந்தது. "எங்க, ஆ காட்டு" என்கிற இடத்தில் அது சிக்கிக்கொண்டது. சூடு அதிகமாகியிருக்க வேண்டும். என் முகம் வாயைப் பாதி திறந்தபடி அசையாமல் நின்றது. இனியாவும் வாயைப் பாதி திறந்தபடி அசையாமல் உட்கார்ந்திருந்தாள். கன்னத்தில் நீல வெளிச்சம். கூப்பிட்டேன், தொட்டேன், அவள் கண்ணை எடுக்கவில்லை. குமரேசன் ஓடிவந்து டேப்பை அணைத்து மறுபடி போட்டு, பழைய இடத்திலிருந்து ஓட விட்ட பிறகுதான் அவள் மென்றாள்.

"இத எடுத்துருவோம்" என்றேன் அவரிடம்.

"எடுத்துட்டு? நீ இன்னும் பத்து நாள்ல பிளைட் ஏறிடுவ. அப்புறம் நாங்க இன்னா பண்றது? பேஜாரு பண்ணாத."

நான் கேட்கவில்லை. மறுநாள் டேப்பைத் துணியில் சுற்றி பீரோவுக்குள் வைத்துப் பூட்டினேன். இனியா பலகைக்குக் கீழே வந்து நின்றாள். காலியாக இருந்த இடத்தைப் பார்த்தாள். அழுவாள் என்று காத்திருந்தேன், அழுதால் தூக்கி அணைத்துக்கொள்ளலாம் என்று கையைக்கூடத் தயாராக வைத்திருந்தேன். அவள் அழவில்லை. மாலை போட்ட போட்டோவைப் பார்த்து, மிகவும் மெதுவாக, "மாமா, அம்மா எங்க?" என்று கேட்டாள். இடைவெளி விட்டாள். போட்டோ ஏதோ சொன்னது போலத் தலையாட்டினாள். பிறகு என்னிடம் திரும்பி வந்தாள்.

"ஆன்ட்டி, அம்மா சாமிகிட்ட பூடுச்சா?"

அண்ணி வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போய்விட்டார். நான் பீரோவைத் திறந்து டேப்பை எடுத்து, பழைய இடத்தில் நிறுத்தி, சார்ஜரையும் செருகினேன். வேறு என்ன செய்ய? என்னையே நான் கொன்றுவிட்டு அந்தக் குழந்தைக்கு முன்னால் ஆன்ட்டியாக நிற்க என்னால் முடியவில்லை.

5

குடும்ப விசா வருவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. தாயும் மகளும்தான் என்று நிரூபிக்கச் சொன்னார்கள். பிறப்புச் சான்றிதழை அனுப்பினேன். பெயரில் இன்ஷியல் முன்னால் இருக்கிறதா பின்னால் இருக்கிறதா என்று ஒரு மாதம் ஓடியது. மகளோடு தொடர்பில் இருப்பதற்கு ஆதாரம் கேட்டார்கள். சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

ஒருவழியாகக் குமரேசனும் இனியாவும் வந்து இறங்கினார்கள். டேப்பைக் கொண்டுவரக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லியிருந்தேன். விமான நிலையத்தில் நான் வெளியே காத்திருந்தேன். உள்ளே அதிகாரி பரிவான ஆள் போலிருக்கிறது, குனிந்து இனியாவிடம் அம்மா எங்கே என்று கேட்டிருக்கிறார். குமரேசன் அதைத் தமிழில் சொல்லியிருக்கிறார். இனியா திரும்பி, தாங்கள் இறங்கி வந்த விமானத்தின் பக்கம் கை காட்டி, "வூட்ல கீது" என்றாளாம். வெளியே காத்திருக்கிறாள் என்று சொல்கிறது குழந்தை, என்று குமரேசன் மொழிபெயர்த்தாராம். முத்திரை விழுந்தது. இதைக் காரில் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்.

அதெல்லாம் பழைய கதை. இனியாவுக்கு இப்போது நாலரை வயது. வீட்டில் டிவி இல்லை. என் போன் அலமாரியின் உச்சித் தட்டில் இருக்கிறது. காலையில் அவளைப் பள்ளியில் விட்டுவிட்டு மையத்துக்குப் போகிறேன், குமரேசன் குடோன் வேலைக்குப் போகிறார். அவள் நன்றாகச் சாப்பிடுகிறாள், மழையில் குதிக்கிறாள், இந்த ஊர்க்காரர்கள் மாதிரியே வாக்கியத்தின் கடைசியில் ராகம் இழுத்து ஆங்கிலம் பேசுகிறாள். என் ஆங்கிலத்தைத் திருத்துகிறாள். என்னை மம்மி என்று கூப்பிடுகிறாள். வெளிநாட்டுப் பிள்ளை ஆகிவிட்டது, அம்மா என்று சொல்லக்கூட வாய் வரவில்லை என்று ஊரில் எல்லாரிடமும் போனில் அலுத்துக்கொண்டிருந்தேன். பள்ளிக்கூடத்தின் மேல் பழியைப் போட்டேன்.

ஒரே ஒரு பழக்கம் மட்டும் போகவில்லை. சாப்பிடும்போது சில நேரம் இடப்பக்கம் திரும்பிப் பார்ப்பாள். அங்கே சுவர்தான் இருக்கிறது.

6

இந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். குமரேசனுக்கு வேலை. நானும் இனியாவும் சாப்பிட உட்கார்ந்தோம். வத்தக்குழம்பு வைத்திருந்தேன். தேவகி அண்ணியிடமிருந்து வீடியோ கால் வந்தது. அங்கே ராச்சாப்பாட்டு நேரம். அந்த வீட்டில் இப்போது அவர் ஒருவர்தான். ஞாயிறு ஒரு நாள், பேசிவிட்டுப் போகட்டும் என்று போனை ஊறுகாய் ஜாடியில் சாய்த்து வைத்தேன்.

"அத்தே, அம்மாவக் காட்டு" என்றாள் இனியா.

நான் இங்கேதானே இருக்கிறேன் என்று சொல்ல வாயெடுத்தேன். அண்ணி என்னைப் பார்த்துத் தயங்கினார். பிறகு போனைத் திருப்பினார்.

கூடம். பலகை. மாலை போட்ட போட்டோ. பக்கத்தில் டேப் எரிந்துகொண்டிருந்தது. கண்ணாடியில் பொட்டு, காய்ந்ததல்ல, புதிது. கீழே ஒரு தட்டில் சோறும் ரசமும், பாதி சாப்பிட்டபடி.

"அண்ணி, இத இன்னும் எடுத்து வெக்கலியா?"

"வூடு வெறிச்சோன்னு கீது சுமதி. தனியா எப்பிடி துன்றது? இத போட்டு வுட்டா இன்னா கொயம்புன்னு கேக்குது. யாராச்சும் கேட்டாத்தான் ஒரு வாய் எறங்குது." அவர் குரல் சாதாரணமாகத்தான் இருந்தது.

"அம்மா சாப்டுச்சா அத்தே?" என்றாள் இனியா.

"இல்ல கண்ணு. இப்பதான் வந்துச்சு."

அவர்கள் இருவரும் இதைப் பல ஞாயிற்றுக்கிழமைகளாக, நான் அடுப்படியில் இருந்த நேரங்களில் பேசிவந்திருக்கிறார்கள் என்று எனக்கு அப்போது புரிந்தது. இனியா என் பக்கம் திரும்பினாள். முகத்தில் கவலை. நிஜமான கவலை.

"மம்மி, அம்மாவுக்கு விசா எப்ப வரும்?"

பள்ளிக்கூடத்தின் மேல் போட்ட பழியெல்லாம் ஞாபகம் வந்தது. அம்மா என்கிற வார்த்தை இவளுக்கு மறக்கவே இல்லை. வேறு ஒருத்திக்காகப் பத்திரமாக எடுத்து வைத்திருக்கிறாள். அந்தக் கப்பல்காரர் மனைவி அடுத்த முறை வந்தால் என்ன சொல்வேன் என்று ஏனோ அந்த நேரத்தில் தோன்றியது. இப்போதும் தெரியவில்லை.

போனுக்குள், அத்தனை கடல் தாண்டி, ஏரிக்கரை வீட்டில், என் விடுதிக் கதவு மணி அடித்தது. இனியா இடப்பக்கம் திரும்பினாள். நானும் திரும்பிவிட்டேன். சுவர்.

"யாருமில்ல. எங்க, அம்மாவுக்கு ஒரு வாய் குடு."

இனியா தட்டிலிருந்து ஒரு வாய் பிசைந்து எடுத்தாள். என்னைத் தாண்டி, ஊறுகாய் ஜாடியில் சாய்ந்திருந்த போனுக்கு நீட்டினாள். பொறுமையாகப் பிடித்துக்கொண்டிருந்தாள். "ம்ம்ம்" என்றது அந்தக் குரல். "இப்ப நீ."

இனியா அந்தக் கவளத்தைத் தன் வாய்க்குக் கொண்டுபோனவள், பாதியில் நிறுத்தி என்னைப் பார்த்தாள். என்ன பார்த்தாளோ. வீட்டுக்கு வந்தவர்களிடம் கேட்பது போல, மரியாதையாகக் கேட்டாள்.

"ஒனக்கும் வேணுமா?"

வேண்டும் என்று தலையாட்டினேன். பசித்தது. இத்தனை வருஷப் பசி.

"எங்க, ஆ காட்டு" என்றது உத்திரமேரூர்.

வாயைத் திறந்தேன். என் மகள் ஊட்டினாள். நான் மென்று விழுங்குகிற நேரம் வரைக்கும் அவள் காத்திருந்தாள், அது அன்றைக்கு நான் கணக்குப் பண்ணி விட்ட நேரம். பிறகு பலகை மேலே இருந்தவள் என்னைப் பார்த்துச் சிரித்துச் சொன்னாள்.

"சமத்து. என் தங்கம்."